கரும்பின் அவசரமும் இரண்டடிப் பாதையும்

மாங்குளம் நிலையத்தைக் கடந்து வடக்கே செல்லும் புகையிரதப் பாதையில் ஒரு தண்டவாளத்துக்கும் மற்றதற்கும் இடைப்பட்ட தூரம் 5 அடி 6 அங்குலம். இதை அகலப் பாதை என்பர். இன்று இலங்கையில் ஓடும் புகையிரதங்கள் எல்லாம் இந்த அகலத்தில்தான் ஓடுகின்றன. உலகிலோ இதன் பாதி அகலம்கூட இல்லாத பாதைகள் பல ஆயிரம் கிலோமீற்றர் நீளத்துக்கு இருக்கின்றன. அவற்றுள் பல கரும்பை ஏற்றுவதற்கென்றே போடப்பட்டவை. பிஜித் தீவிலும் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் அவற்றின் அகலம் வெறும் 2 அடி. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் வகுப்பறை மேசையை அடிமட்டத்தால் அளந்து பார்த்தேன். அதுவும் சரியாக 2 அடி. ஒரு மேசையின் நீளத்துக்குள் கால்வைத்து, நூற்றுக்கணக்கான தொன் கரும்பை இழுத்துக்கொண்டு ஒரு வண்டி ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

பெருந்தோட்டப் பயிர்ச்செய்கை என்று புவியியற் பாடத்தில் படிக்கும்போது தேயிலை, இறப்பர், தெங்கு என்ற மூன்றோடு நாம் நின்றுவிடுகிறோம். கரும்பைப் பற்றி ஒரு பந்தி வரும். கந்தளாய், ஹிங்குராணை, செவனகல, பெல்வத்தை என்று பெயர்களை மனனம் செய்வோம். அதற்கு மேல் போவதில்லை. ஆனால் நம் தேநீருக்குள் விழும் சீனியின் பெரும்பகுதி கடல் கடந்து வருவது. ஏ-9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அருகில் என் வாப்பா தேநீர்க் கடை வைத்திருக்கிறார். நாளொன்றுக்கு 5 கிலோ சீனி போகும். ஒரு தொன் சீனி எடுக்க எட்டிலிருந்து பத்துத் தொன் வரை கரும்பு வேண்டும் என்று படித்தபின் கணக்குப் போட்டேன். அந்தச் சிறிய கடைக்கே ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 கிலோ கரும்பை எங்கோ ஒருவர் வெட்டுகிறார். வாப்பாவிடம் சொன்னேன். "அப்ப சீனி குறைச்சுப் போடச் சொல்லுறியா?" என்றார்.

அந்தப் பத்தில் ஒன்பது பங்கு பாரத்தில்தான் இந்தச் சிறிய புகையிரதங்களின் கதை இருக்கிறது. தண்ணீரும் சக்கையுமான பெரும் பாரத்தைச் சுமந்து சென்றால்தான் ஒரு பங்கு சீனி கிடைக்கும். ஆகவே ஆலை தோட்டத்துக்கு அருகிலேயே இருக்க வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நெல்லை அறுத்துக் காயவைத்து மூட்டையில் கட்டினால் மாதக்கணக்கில் இருக்கும். தேங்காயும் பொறுத்திருக்கும். கரும்பு பொறுக்காது. வெட்டிய கணத்திலிருந்து அதன் உள்ளே இருக்கும் சுக்குரோசு மெல்ல மெல்லக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடையத் தொடங்குகிறது. இந்த இரண்டும் இனிக்கும். ஆனால் பளிங்காக உறையாது, சீனியாக மாறாது. வெயில் கூடக் கூட இந்த இழப்பும் கூடும். வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் ஆலையில் பிழிந்துவிட வேண்டும் என்பதே உலகெங்கும் கரும்பு நாடுகளின் சட்டம். உயிரியற் பிரிவில் படிக்கும் என் தோழி இதை ஒரு வரிச் சமன்பாடாக எழுதிக் காட்டினாள். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை தண்டவாளமும்.

அந்த நாட்களில் லொறி கிடையாது. மாட்டு வண்டி மெதுவானது. மழை பெய்த வயலுக்குள் வண்டி இறங்கினால் என்ன நடக்கும் என்பது வன்னிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாரியில் வயலுக்குள் புதைந்த உழவு இயந்திரத்தை இன்னொரு உழவு இயந்திரம் கொண்டுவந்து இழுப்பதை நாம் பார்க்கிறோம். இதே பிரச்சினை 1875 அளவில் பிரான்சில் போல் தெகோவில் என்பவருக்கு வந்தது. அவருடைய பயிர் கரும்பன்று. சீனிக் கிழங்கான பீற். சேற்று வயலிலிருந்து விளைச்சலை வெளியே எடுக்க அவர் கண்ட வழி, தண்டவாளத்தையே ஏணிபோல் சிறு துண்டுகளாகச் செய்வது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய் வயலில் வைக்கலாம். அறுவடை முடிந்ததும் எடுத்து அடுத்த பாத்தியில் வைக்கலாம். 1889 இல் பாரிஸ் கண்காட்சியில், ஈபிள் கோபுரம் திறக்கப்பட்ட அதே ஆண்டில், அவருடைய 60 சென்ரிமீற்றர் அகலப் பாதையில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயணம் செய்தனர். அதன்பின் கரும்பு விளையும் வெப்ப நாடுகள் எங்கும் இந்த வகைப் பாதைகள் பரவின. பாதை ஒடுக்கமானால் வளைவைக் குறுகலாகத் திருப்பலாம், பாலத்தைச் சிறிதாகக் கட்டலாம், நிலத்தைக் குறைவாக எடுக்கலாம். செலவு குறையும் என்பதுதான் இதன் சுருக்கம்.

செலவு குறைந்தது கம்பனிக்கு. தண்டவாளத்தைத் தூக்கி வைத்த அந்த இரண்டு பேர் யார் என்று தேடும்போதுதான் இந்தப் பாடம் நம் வீட்டு வாசலுக்கு வருகிறது.

1860 நவம்பர் 16 இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்ற கப்பல் தென்னாபிரிக்காவின் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் வந்தவர்கள் நேற்றால் மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தத் தொழிலாளர்கள். பிஜிக்கு முதற் கப்பலான 'லெயோனிடாஸ்' கல்கத்தாவிலிருந்து 1879 மே மாதம் போய்ச் சேர்ந்தது. 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆட்களை ஏற்றினர். 1916 வரை 60,000 க்கும் மேற்பட்டோர் பிஜிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் தென்னிந்தியர். ஐந்தாண்டு ஒப்பந்தம். 'அக்ரிமென்ற்' என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் பெண்களையும் ஏற்ற வேண்டும் என்பது விதி. கணக்கை நிறைவேற்றுவதற்காகப் பெண்கள் தேடப்பட்டனர் என்பதை வாசித்தபோது எனக்கு அந்த எண் ஒரு விதிபோல் தோன்றவில்லை, ஒரு கொள்வனவுப் பட்டியல்போல் தோன்றியது.

பாரதியார் இப்பெண்களைப் பற்றிப் பாடிய 'கரும்புத் தோட்டத்திலே' என்ற பாட்டை நம்மில் பலர் கேட்டிருப்போம். கப்பலில் இந்துக்கள் மட்டும் போகவில்லை, முஸ்லிம்களும் போனார்கள். பிஜியில் இன்றும் தென்னிந்திய வழிவந்த முஸ்லிம்கள் மஊனத்துல் இஸ்லாம் என்ற சங்கமாக இருக்கிறார்கள். அவர்கள் பின்பற்றுவது நம்மைப் போலவே ஷாபிஈ மத்ஹபை. அதேபோல் தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசியோரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் கட்டுவதற்காக 1926 இல் சாது குப்புசாமி நாடி நகரில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தைத் தொடங்கினார். பள்ளிகள் இன்றும் உண்டு. தமிழ்தான் வீட்டுக்குள் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பேரப்பிள்ளைகள் பேசுவது பிஜி இந்தி.

இது தூரத்துக் கதை அல்ல. வன்னியில் 1958 இற்குப் பின்னும் 1977 இற்குப் பின்னும் வந்து குடியேறிய மலையகத் தமிழர்கள் பலர். எங்கள் வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களின் முன்னோர் புறப்பட்ட அதே தமிழக மாவட்டங்களிலிருந்துதான் பிஜிக்கும் நேற்றாலுக்கும் ஆட்கள் போயினர். ஒரு ஊரில் கங்காணியின் சொல்லைக் கேட்டவர் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து தேயிலைக்குப் போனார். துறைமுகத்து முகவரின் சொல்லைக் கேட்டவர் கப்பலேறிக் கரும்புக்குப் போனார். அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் போன குடும்பங்கள் இருந்திருக்கும்.

பிஜியில் கரும்பை ஆண்டது சி.எஸ்.ஆர். எனப்பட்ட அவுஸ்திரேலியச் சீனிக் கம்பனி. வேலை நடந்த விதம் இப்படி. வெட்டிய கரும்பைத் தோளில் சுமந்து வந்து, வயலுக்குள் போட்டிருக்கும் தற்காலிகத் தண்டவாளத்தில் நிற்கும் சிறு வண்டியில் அடுக்க வேண்டும். இந்த வண்டிகளுக்குப் பக்கப் பலகை கிடையாது. நாலு மூலையிலும் இரும்புக் கம்பிகள் மட்டும். வண்டி நிறைந்ததும் மாடோ குதிரையோ பூட்டி, சில வேளை மனிதரே தள்ளி, பிரதான பாதைக்குக் கொண்டுவருவர். அங்கே நீராவி எஞ்சின் எல்லா வண்டிகளையும் கோத்து ஆலைக்கு இழுத்துச் செல்லும். ஆலை இரவும் பகலும் ஓடும். வண்டி தாமதித்தால் ஆலை வெறுமையாய் நிற்கும். வண்டி அளவுக்கு மேல் வந்தால் கரும்பு வெயிலில் கிடந்து சாறு கெடும். ஆகவே எந்த வயலில் எந்த நாளில் யார் வெட்ட வேண்டும் என்பதை ஆலையே தீர்மானித்தது. விவசாயியின் கையில் கத்தி இருந்தது, மணிக்கூடு ஆலையின் கையில் இருந்தது.

1920 தொடக்கத்தில் ஒப்பந்த முறை ஒழிந்தபின் கம்பனி தன் பெருந்தோட்டங்களை ஏறத்தாழ 10 ஏக்கர் துண்டுகளாகப் பிரித்து, அதே தொழிலாளர் குடும்பங்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. தொழிலாளி விவசாயியானார். தண்டவாளம் கம்பனியுடையதாகவே இருந்தது. இந்த இடத்தைப் படிக்கும்போது நான் கொஞ்ச நேரம் நிறுத்தி யோசித்தேன். நிலம் யாரிடம் இருக்கிறது என்று மட்டும்தான் நாம் எப்போதும் கேட்கிறோம். விளைந்ததை வெளியே கொண்டுபோகும் பாதை யாரிடம் இருக்கிறது என்று கேட்பது குறைவு.

நல்லதையும் சொல்ல வேண்டும். அரசாங்கத்துடன் செய்த உடன்படிக்கையின்படி லௌட்டோகாவுக்கும் சிகடோகாவுக்கும் இடையில் அந்தக் கரும்புப் பாதையிலேயே கம்பனி பயணிகள் புகையிரதம் ஒன்றையும் ஓட்டியது. கட்டணம் இல்லை. பக்கம் திறந்த பெட்டிகளில் சந்தைக்குப் போவோரும் உறவினர் வீட்டுக்குப் போவோரும் ஏறினர். 1970கள் வரை இந்த இலவசப் பயணம் பற்றிப் பிஜிக்குப் போனவர்கள் வியந்து பேசினர். பிற்காலத்தில் இதே பாதையின் ஒரு பகுதியில், யனுக்காவிலிருந்து நட்டடோலா கடற்கரை வரை, சுற்றுலாப் பயணிகளுக்காக வண்டி ஓடியது.

கரும்புப் புகையிரதங்களைக் காண்பதற்கென்றே உலகம் சுற்றுவோர் இருக்கிறார்கள் என்பது எனக்குப் புதிய செய்தி. அவர்கள் அதிகம் போன இடம் ஜாவா. வடக்கே போகும் நம் புகையிரதம் நின்று செல்லும் சாவகச்சேரியின் பெயரே சாவகரிலிருந்து, அதாவது ஜாவா மக்களிலிருந்து வந்தது என்பார்கள். இலங்கையின் மலாய் முஸ்லிம்களின் முன்னோரிலும் பலர் ஒல்லாந்தர் காலத்தில் அந்தத் தீவுகளிலிருந்து வந்தவர்களே. அதே ஒல்லாந்தர் 1830 முதல் ஜாவா விவசாயிகளின் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கில் கரும்பு போன்ற ஏற்றுமதிப் பயிர்களைக் கட்டாயமாகப் பயிரிடச் செய்தனர். அதன் வழியாகப் பெருகிய ஆலைகளுக்குப் பின்னாளில் ஒடுங்கிய பாதைகள் போடப்பட்டன. அங்கே பெரும்பாலும் 700 மில்லிமீற்றர் அகலம். எஞ்சின்களில் பல ஜேர்மனியின் ஓரென்ஸ்ரைன் கொப்பல் தொழிற்சாலையில் செய்தவை.

அந்த எஞ்சின்களின் எரிபொருள்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கரி வாங்கவில்லை. பிழிந்து எஞ்சிய கரும்புச் சக்கையைக் காயவைத்துக் கட்டுக்கட்டாக அடுக்கி, அதையே எரித்தனர். கரும்பே கரும்பை இழுத்தது. சக்கை கடதாசிபோல் சட்டெனப் பற்றிச் சட்டென அணைவதால், எஞ்சினில் ஒருவர் ஓயாமல் அதை அடுப்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். புகைபோக்கியிலிருந்து தீப்பொறி பறக்கும். காய்ந்த கரும்புக் காட்டுக்குள் அது எவ்வளவு ஆபத்து! கிழக்கு ஜாவாவின் ஒலியன் ஆலையில் அண்மைக் காலம் வரை இத்தகைய எஞ்சின்கள் வயலுக்குப் போய்வந்தன. இன்னொரு ஆலையான திரங்கிலுக்காக 1971 இல் இங்கிலாந்தின் ஹன்ஸ்லட் நிறுவனம் செய்த சிறிய எஞ்சின், அந்நாட்டில் தொழிற்றுறைக்காகக் கட்டப்பட்ட கடைசி நீராவி எஞ்சின் என்று சொல்லப்படுகிறது. 2004 இல் அதைத் திரும்ப இங்கிலாந்துக்கே கொண்டுபோய்விட்டனர். அதை ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இனி அதைப் பார்க்க வேண்டுமானால் விசா எடுக்க வேண்டும்.

கரீபியன் கடலில் சென் கிற்ஸ் என்ற சின்னத் தீவில் 1912 இற்கும் 1926 இற்கும் இடையில் தீவைச் சுற்றிப் போட்ட கரும்புப் பாதை இருக்கிறது. 2005 இல் அங்கே சீனித் தொழிலே மூடப்பட்டது. பாதை மட்டும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு தப்பியது. அதன் அகலம் 2 அடி 6 அங்குலம். இலங்கையில் ஒருகாலத்தில் இருந்த களனி வெளிப் பாதையின் அகலமும் அதுவே. நமது நாட்டில் ஒடுங்கிய பாதை கரும்புக்காகப் போடப்படவில்லை, இறப்பருக்கும் தேயிலைக்கும் போடப்பட்டது. 1990களில் அது அகலப் பாதையாக மாற்றப்பட்டது.

சென்ற வருடக் கல்லூரிச் சுற்றுலாவில் கடுகண்ணாவைப் புகையிரத அரும்பொருட்காட்சியகத்துக்குப் போனபோது, அந்த ஒடுங்கிய பாதையில் ஓடிய நீராவி எஞ்சின் ஒன்றின் அருகில் நின்றேன். யாழ்தேவியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது விளையாட்டுச் சாமான்போல் இருந்தது. தோழிகள் படம் எடுத்தார்கள். நானும் எடுத்தேன். வண்ணம் பூசி, துடைத்து, அழகாக வைத்திருந்தார்கள். இத்தகைய எஞ்சின்களைப் பார்க்கப் போகும் மாணவியர் சில்லுகளையும் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தண்டவாளத்தில் உரசி உரசித் தேய்ந்த விளிம்பு அங்கே தெரியும். எவ்வளவு பாரம் இழுத்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

வன்னியில் பாதை இல்லாமற்போன காலத்தை நான் கண்டதில்லை. 1990 இல் வடபகுதிப் புகையிரதம் நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளின் கூரைகளாயின. அதே ஆண்டு எங்கள் குடும்பத்தைப் போன்ற வடக்கு முஸ்லிம் குடும்பங்களும் இங்கிருந்து வெளியேற்றப்பட்டன. ஆகவே அந்த நாட்களை நான் கேட்டறிந்தது வாப்பாவின் கடைக்கு வரும் முதிய ஐயா ஒருவரிடம். சீனி வன்னிக்குள் வருவது அரிதாகி, வந்தாலும் வாங்க முடியாத விலையாகி, உள்ளங்கையில் பனங்கட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்ததாகச் சொன்னார். "கோச்சி ஓடேக்க சீனிக்கு என்ன விலை எண்டு ஆரும் யோசிக்கேல்லை, பிள்ளை" என்றார். 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி வரையும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரையும் புகையிரதம் மீண்டும் வந்தது.

பாதை போனால் பாரத்தை யார் சுமப்பது என்ற கேள்வி இன்று பிஜியில் நடக்கிறது. 1973 இல் சி.எஸ்.ஆர். வெளியேறியபின் ஆலைகளும் பாதையும் அரசின் பிஜி சீனிக் கூட்டுத்தாபனத்திடம் வந்தன. ஏறத்தாழ 600 கிலோமீற்றர் நீளமான பாதை. ஜூன் அளவில் தொடங்கி ஆண்டின் இறுதிவரை நீளும் அறுவடைக் காலத்தில் டீசல் எஞ்சின்கள் இன்றும் வீதிகளைக் குறுக்கறுத்துக் கரும்பு இழுப்பதைக் காணலாம். ஆனால் பாதைகள் பழுதடையப் பழுதடைய, கரும்பின் பெரும்பகுதி லொறிக்கு மாறிவிட்டது. தண்டவாளத்தில் போகும் கரும்பின் போக்குவரத்துச் செலவு ஆலையுடையது. லொறியில் போகும் கரும்பின் கூலியை விவசாயியே கொடுக்க வேண்டும். குத்தகை நிலத்தில் பத்து ஏக்கர் செய்யும் ஒருவருக்கு இந்த வேறுபாடு பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணமாக இருக்கலாம்.

குவீன்ஸ்லாந்தில் நிலைமை வேறு. அங்கே 2 அடிப் பாதை ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் இருக்கிறது. அறுவடையான கரும்பில் மிகப் பெரும்பகுதியை அதுவே இன்றும் இழுக்கிறது. பாதையைப் பராமரித்தார்கள், பாதை உழைக்கிறது. பழமையான முறை என்று ஒடுங்கிய பாதையை ஒதுக்குவோர் இதைக் கவனிக்கலாம்.

2016 பெப்ரவரியில் வின்ஸ்ரன் புயல் பிஜியைத் தாக்கியபோது ரக்கிரக்கியிலிருந்த பெனாங் சீனி ஆலை பெருஞ்சேதமடைந்தது. அதைத் திருத்தி மீண்டும் திறக்கவில்லை. அதன்பின் அப்பகுதி விவசாயிகளின் கரும்பு லொறிகளில் ஏறி பா நகரின் ராராவாய் ஆலைக்குப் போனது. ஆலை வாசலில் லொறிகள் நீண்ட வரிசையில் நின்றன. ஆலை பழுதாகி நின்ற நாட்களில் வரிசை இன்னும் நீண்டது. சாரதிகள் லொறிக்குள்ளேயே உறங்கினார்கள். மேலே கட்டிய கரும்புக்குள் சுக்குரோசு உடைந்துகொண்டிருந்தது.